தேதி மட்டுமே சாட்சியாகுமா?

வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதி மேசைமீது அடுக்கி வைத்த காலம் போய், கோப்பாகக் கணிப்பொறி வழியே அனுப்பும் காலம் வந்துவிட்டது. "எப்போது எழுதினாய்?" என்ற கேள்விக்கு, "கோப்பின் தேதியே சொல்லுமே!" என்கிறார்கள் பலர். அந்தத் தேதி எப்படி வருகிறது என்று அறியாமல் ஒருவரைக் குறை கூறுவது முறையன்று என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமலே உறையின்மேல் உள்ள முத்திரையைப் படிக்கிறார் அல்லவா? கோப்புகளைப் பெற்று வைக்கும் சர்வரும் அப்படியே. அதிலுள்ள நிரல், 'ஸ்டாட்' என்னும் கட்டளையால், கோப்பைத் திறக்காமலே அதன் அளவு, உரிமையாளர், தேதிகள் ஆகியவற்றைக் கேட்டறிகிறது. யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணியே நேரத்தைக் குறிக்கின்றன.

இந்த முத்திரை எதைச் சொல்கிறது? வெள்ளானூரில் ஒரு மாணவி ஞாயிறன்று எழுதி, மின்வெட்டால் திங்களன்று அனுப்பினால், சர்வர் பெரும்பாலும் திங்கள் என்றே காட்டும். அது கோப்பு வந்து சேர்ந்த நாள். எழுதிய நாள் அன்று. 'சிடைம்' என்பதைக் கோப்பு பிறந்த நேரம் என்று எண்ணுவோர் உண்டு. லினக்ஸில் அது கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரமே. உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரோ, நம் நாட்டில் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு வந்ததைத் திங்கள் இரவு 8.30 எனக் காட்டும். 'டச்' என்ற சிறு கட்டளையால் தேதியை விரும்பியபடி மாற்றவும் முடியும். ஆக, நேர்மையானவள் பழி சுமக்க, ஏமாற்றியவள் நற்பெயர் பெறலாம்.

ஓலைச்சுவடிகளிலும் இதே சிக்கல் உண்டு. சுவடியின் முடிவில் காணும் நாள் பெரும்பாலும் படியெடுத்த நாளே. நூல் பிறந்த நாள் அன்று. உ.வே.சாமிநாதையர் ஒரே சுவடியை நம்பிவிடவில்லை. பல சுவடிகளை ஒப்பிட்ட பிறகே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

இன்றைய சட்டமும் தேதியோடு நின்றுவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அப்படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெறுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்றது அது.

தேதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பு வந்தவுடன் வந்த நேரத்தை, இந்திய நேரம் எனக் குறிப்பிட்டு, தனிப் பதிவேட்டில் சர்வர் எழுதி வைக்கட்டும். கெடுவுக்குள் வந்ததா என்பதற்கு அது போதும். எப்போது எழுதினாள், தானே எழுதினாளா என்ற ஐயம் எழுந்தால், அவளது முதற்படியைப் பார்த்து, அவளையும் அழைத்துக் கேட்கட்டும்.

தோழியரே, பெற்றோரே! கருவி தரும் விவரம் விசாரணையின் தொடக்கமே, முடிவு அன்று. ஒரு பெண்ணின் நற்பெயர் ஓர் எண்ணைவிட மதிப்புடையது அல்லவா?