அடிக்கடி ஃபைன், அடிக்கடி க்ளைம்... கார் இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறுமா? யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

ஒருத்தர் பத்து வருஷமா சின்னக் கீறல்கூட இல்லாம கார் ஓட்டுறார். இன்னொருத்தர் சிக்னலை மதிக்க மாட்டார், குடிச்சிட்டு ஓட்டி ஒரு தடவை மாட்டியும் இருக்கார். இரண்டு பேரிடமும் ஒரே மாடல் கார். இன்சூரன்ஸ் பிரீமியமும் ஒன்றாகத்தான் இருக்குமா?

இந்தியாவைப் பொறுத்தவரை, பதில் பாதி 'ஆமாம்', பாதி 'இல்லை'. காரணம், நாம் கட்டும் பிரீமியம் ஒரே தொகை கிடையாது. அதற்குள் இரண்டு தனித்தனி கணக்குகள் இருக்கின்றன.

முதல் கணக்கு: எல்லாருக்கும் ஒரே ரேட்

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். உங்கள் கார் மோதி இன்னொருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ, அவருக்கோ குடும்பத்துக்கோ இழப்பீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

இதற்கான கட்டணத்தை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யிடம் கலந்து பேசி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, சொந்தப் பயன்பாட்டு கார்களுக்கான ஆண்டு பிரீமியம் இதுதான்:

- 1,000 சிசி வரை: 2,094 ரூபாய்
- 1,000 முதல் 1,500 சிசி வரை: 3,416 ரூபாய்
- 1,500 சிசிக்கு மேல்: 7,897 ரூபாய்

இதில் இன்ஜின் அளவுதான் பேசும். ஓட்டுபவர் எப்படிப்பட்டவர், எத்தனை சலான் வாங்கியிருக்கிறார் என்ற கேள்வியே வராது. நிதானமாக ஓட்டுபவருக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

இரண்டாவது கணக்கு: இங்கேதான் விஷயம்

உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு 'ஓன் டேமேஜ்'. 2007-ல் இதன் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதனால் கம்பெனிக்குக் கம்பெனி ரேட் மாறும். காரின் மதிப்பு, வயது, எந்த ஊரில் ஓடுகிறது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

நம்மை 'ரிஸ்க்' ஆன ஆளா, இல்லையா என்று பிரிப்பதும் இங்கேதான். அதற்கான அளவுகோல் 'நோ க்ளைம் போனஸ்'. க்ளைம் எதுவும் செய்யாவிட்டால், முதல் ஆண்டு முடிவில் 20%, அடுத்தடுத்து 25%, 35%, 45% எனக் கூடி, 5 ஆண்டு முடிவில் 50% தள்ளுபடி. ஒரே ஒரு க்ளைம் செய்தால் போதும், அடுத்த ரினீவலில் தள்ளுபடி பூஜ்ஜியம்!

பம்பர் உடைஞ்சா க்ளைம் பண்ணலாமா?

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50% தள்ளுபடியில் 6,000 கட்டுகிறீர்கள். பம்பர் உடைந்து, 8,000 ரூபாய் பில்லுக்கு க்ளைம் போட்டால் என்ன ஆகும்?

அடுத்த ஆண்டு முழுசாக 12,000. அதற்குப் பிறகு க்ளைம் இல்லாவிட்டால் 9,600, 9,000, 7,800, 6,600 என்று குறைந்து, ஆறாவது ஆண்டில்தான் மறுபடியும் 6,000. இந்த 5 ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 15,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700!

காரின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதால் நிஜத்தில் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 8,000 ரூபாய் வேலைக்கு க்ளைம் போவது நஷ்டக் கணக்குதான். அந்த 8,000-லும் கட்டாயக் கழிவாக 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும்.

சிலர் கம்பெனியை மாற்றி, பழைய க்ளைமை மறைத்து போனஸ் வாங்கப் பார்ப்பார்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால், அவசர நேரத்தில் க்ளைம் சிக்கலாகிவிடும்.

குடிச்சிட்டு ஓட்டினா?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. போதையில் விபத்து என்றால் உங்கள் கார் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. அப்போது பேச்சு ஆயிரங்களில் இருக்காது, லட்சங்களில் இருக்கும்.

சலானுக்கும் பிரீமியத்துக்கும் முடிச்சு?

இதற்கான யோசனை ஏற்கெனவே வந்தது. ஐஆர்டிஏஐ அமைத்த குழு ஒன்று, 2021 ஜனவரியில் 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்ற தனிப் பிரிவைப் பரிந்துரைத்தது. விதிமீறலுக்கு ஏற்ப புள்ளிகள்: குடித்துவிட்டு ஓட்டினால் 100, தவறான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10. புள்ளி ஏற ஏற பிரீமியமும் ஏறும். டெல்லி தலைநகர்ப் பகுதியில் சோதனை முறையில் தொடங்கலாம் என்றும் சொன்னது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கலும் உண்டு. பரிந்துரைப்படி புள்ளிகள் வாகனத்தின் மீதுதான் ஏறும். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு தம்பி சிக்னலைத் தாண்டினால், கூடுதல் பிரீமியம் அண்ணன் தலையில்தான் விழும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியிருக்கிறது. பிடிபட்டால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை என்று சட்டம் இருந்தும் இந்த நிலை. ரிஸ்க் ஆன டிரைவருக்கு பிரீமியத்தைக் கூட்டினால், அவர் இன்சூரன்ஸையே விட்டுவிட வாய்ப்பு உண்டு. நாளைக்கு அந்த வண்டி மோதினால், இழப்பீட்டுக்கு அலையப்போவது ரோட்டில் நடந்து போனவரின் குடும்பம்தான்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

- சின்ன சேதமென்றால், க்ளைமுக்கு முன் போனஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.
- போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றாலும் புது காருக்கு மாற்றலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும்.
- ஓட்டும் தூரம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து பிரீமியம் மாறும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்தது. காரைக் குறைவாக எடுப்பவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.
- முக்கியமாக, பாலிசி காலாவதி தேதியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரினீவல் செய்யாத வண்டி மோதினால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.