சிறுகக் கட்டிப் பெருக வாழ்தல்

பேராற்றல் வேண்டுமாயின் பேரியந்திரம் வேண்டும் என்பது பலர் கொள்கை. திரவ அழுத்தத்தால் இயங்கும் தொழிற்சாலைப் பொறிகளை அமைப்போரிடத்தும் இக்கொள்கை குடிகொண்டிருத்தல் உண்டு. இது பொருந்தாது என்பது நம் கருத்து. சிக்கனமும் உறுதியும் தம்முள் பகைத்தன அல்ல; முன்னதைப் பேணாதார் பின்னதையும் இழப்பர்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையும் குறைவின்றிப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு, இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உருளையில் இட்ட சிறுவிசை பெரிய உருளையிற் பெருவிசையாயிற்று. ஆயினும், இத்தகைய பொறிகள் பலவும் முழுவலியோடு உழைப்பது சிறுபொழுது. வாளா இருப்பது நெடும்பொழுது. அச்சிறுபொழுதின் தேவைக்கென்றே பெரிய பம்பை அமைத்து நாள் முழுதும் ஓட்டுவது அறிவுடைமையாகுமோ?

ஆகாதென்று கண்டவர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். நீரை உயரத்தில் தேக்கின் அழுத்தம் உண்டாம். இதன் பொருட்டுக் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் 1852ஆம் ஆண்டு முடிவுற்ற கோபுரம் 300 அடிக்கு மேல் உயர்ந்தது. நிலம் கோபுரத்தைத் தாங்காவிடத்து அவர் வேறொரு வழி கண்டார். நிமிர்ந்த உருளையின் தண்டின்மீது பெரும்பாரத்தை ஏற்றினார். சிறு பம்பு நீரைச் செலுத்தச் செலுத்தப் பாரம் மெல்ல எழும்; வேண்டும்பொழுது அப்பாரம் இறங்கி நீரை வலிந்து தள்ளும். இதனை அழுத்தத் தேக்கி எனலாம். லண்டன் மாநகரில் 1894ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கோபுரப் பாலத்தில் இத்தகைய தேக்கிகள் 6 அமைந்தன. ஒவ்வொன்றும் 1000 டன்னுக்கு மேற்பட்ட பாலச்சிறகுகளை அவற்றின் ஆற்றலே உயர்த்திற்று. 1976ஆம் ஆண்டில் எண்ணெயும் மின்சாரமும் நீராவியின் இடத்தைக் கொண்டன.

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்னும் நம் முதுமொழி இல்லத்திற்கு மட்டுமன்றி இயந்திரத்திற்கும் ஏற்குமன்றோ!

இதற்கு மாறாக, தேவைக்கு மிஞ்சிய பம்பை நிறுவினால் நேர்வது யாது? மிகுந்த எண்ணெய், அழுத்தம் தணிக்கும் வால்வின் வழியே பயனின்றித் தொட்டிக்கு மீளும். அதன் ஆற்றலெல்லாம் வெப்பமாகும். வெப்பத்தால் எண்ணெய் நீர்த்துக் கெடும். கசிவைத் தடுக்கும் வளையங்கள் இறுகி வெடிக்கும். உராயும் உறுப்புக்கள் தேய்ந்து உதிர்க்கும் உலோகத்துகள் வால்வுகளை அரிக்கும். வீண்செலவே பழுதிற்கு வித்தாயினமை காண்க. அவ்வால்வு ஆபத்திற்கு அமைந்த காவல். அதனை அன்றாடப் பாதையாக்குதல் தகாது.

உறுப்புக்கள் பெருகப் பெருகப் பழுதும் பெருகுமென்றும், தேக்கியில் அடங்கிய அழுத்தம் ஆபத்தானதென்றும் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. தேக்கியின் அழுத்தத்தை முற்றும் வடித்த பின்னரே பழுது பார்க்கக் கைவைத்தல் வேண்டும். ஆயினும், தேவைக்குத் தக்கபடி எண்ணெய் தரும் பம்பு, அளவான தேக்கி, மாசகற்றும் வடிகட்டி ஆகியவற்றை ஆய்ந்து அமைப்பின், ஓயாது காய்ந்து கெடும் பெரும்பொறியினும் அது நெடுநாள் உழைக்கும்.

பொறி பழுதுறின் முதலாளி இழப்பது பணம். அதனருகே நின்று உழைக்கும் தொழிலாளி இழப்பது கையாகவும் இருத்தல் கூடும். ஆதலின் பொறி அமைப்போர், ‘எவ்வளவு ஆற்றல் தரும்?’ என்று வினவுமுன், ‘எவ்வளவு ஆற்றல் வீணாகும்?’ என்று வினவுதல் வேண்டுமென வற்புறுத்துகின்றோம்.