நாமே செய்வோம்: நின்றுபோன தண்ணீர்ப் பம்ப்



கோமாரியின் மணல் நிலம் ஈரத்தை வைத்திருக்காது. சென்ற போகத்தில் எங்கள் பெற்றோல் பம்ப் நின்றபோது மிளகாய்க் கன்றுகள் வாடத் தொடங்கின. பொத்துவிலிலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அவர் இல்லாமற்போன பின் திறக்காத ஸ்பானர் பெட்டியை அன்றுதான் திறந்தேன்.

முதலில் பம்பைச் சமதரையில் வைத்து ஒயிலைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் சில பம்புகள் தாமாகவே நின்றுவிடும். எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. குழாயையும் வடியையும் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் மிஞ்சியிருக்கும், அல்லது பொறி விழவில்லை, துடைத்துக் காயவிடுங்கள். கரி படிந்திருந்தால் காற்று வடி அடைத்திருக்கலாம்.

ஒயில் கசிகிறதா? நன்றாகத் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் ஓட்டுங்கள். புதிய ஈரம் தோன்றும் இடத்தில்தான் பழுது. வாகனத்தின் பவர் ஸ்டியரிங் கசிவையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். ஒயிலை ஊற்றிக்கொண்டே இருப்பது பரிகாரமல்ல.

இரண்டு எச்சரிக்கைகள்: சுடும் எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றாதீர்கள். அறைக்குள் ஓட்டாதீர்கள், புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உயிரைக் குடிக்கும்.

எங்கள் பிளக் காய்ந்திருந்தது. பெற்றோல் வடியில் மணல். கழுவிப் பூட்டியதும் பம்ப் ஓடியது. "அடுத்த முறை நான் பார்க்கிறேன், அம்மா" என்றாள் மகள். பெட்டியை இப்போது நாங்கள் பூட்டி வைப்பதில்லை.