மேண்டில் சாம்பல்

கும்பப்பூ அறுப்பு நாட்களில் களத்தில் இரவிலும் சூடடிப்பு நடக்கும். தாத்தாதான் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார். புது மேண்டிலைக் கட்டித் தீ வைத்ததும் வலைத்துணி கருகிச் சுருங்கி, வெள்ளைக் கூடாகத் தொங்கும். பம்ப் அடிக்க அடிக்கக் களம் பகலாகும். "தொடாத மக்களே, பொடிஞ்சி போயிரும்" என்பார். விளக்கு ஆறிய பிறகு ஒருமுறை தொட்டேன். விபூதி மாதிரி விரலில் ஒட்டியது.

அது தோரியம் ஆக்சைடு. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் அள்ளிய கருமணலிலிருந்து மோனசைட்டைப் பிரித்து, ஆலுவாயில் பக்குவப்படுத்தி, 1955 முதல் டிராம்பேயில் தோரியம் நைட்ரேட் ஆக்கி மேண்டில் தொழிலுக்குக் கொடுத்து வந்தார்கள். இதை எங்களுக்கு வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. எங்கள் முறை வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களும் சொல்லவில்லை.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்ற அளவு 1891-இல் அவருக்குப் பிடிபட்டது. ஐரோப்பியத் தெருக்களின் கேஸ் விளக்குகள் அதனால் பிரகாசமாயின. தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், எங்கள் திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். தேடிவந்து, மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் உளவாளி என்று சந்தேகித்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு மின்விளக்கு பரவியது. மேண்டிலின் மவுசு குறைந்தது. அதே மணலில் இருக்கும் இல்மனைட், வெள்ளைப் பெயின்டுக்காகக் கப்பலேறியது. இரண்டாம் போருக்குப் பின் தோரியம் அணுசக்தி விவகாரமாகி, திருவிதாங்கூரும் டெல்லியும் லண்டனும் இந்த மணலுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தின. 1950-இல் இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் பிறந்தது.

ஷோம்பர்க்கைத் தெரியாத எங்களுக்குப் பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் துரையைத் தெரியும். மூக்கன் துரை என்று வீட்டு மனிதரைப்போல் பெயர் வைத்திருக்கிறோம். அணைப் பக்கத்தில் அவர் கல்லறையையும் காட்டுவோம். அவர் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தந்தவர். நெல்லைத் தொட்ட எதையும் நாங்கள் மறந்ததில்லை. கட்டிச்சம்பாவின் மணத்தைப் பற்றி இன்றும் அரைமணி நேரம் பேசுவோம். மணலைப் பற்றிப் பேச எங்களிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது: "அது கடப்புறத்துக்காரங்க விஷயம்."

அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ காரியங்களைத் தள்ளி வைத்தோம். மணல்மேடு போனால் கடல் உள்ளே வரும் என்று மீனவர்கள் சொன்னபோது, எங்கள் வயலுக்கும் கடலுக்கும் இடையில் நிற்பது அந்த மேடுதான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். புற்றுநோய் பற்றி அங்குள்ள தாய்மார்கள் பயந்து கேட்டபோது, தெளிவான பதில் சொல்லுங்கள் என்று அவர்களோடு சேர்ந்து கேட்கவில்லை. பயம் சரியா தவறா என்பது வேறு. கேட்க வேண்டியது எங்கள் கடமை. 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தது. கடற்கரை ஊர்கள் திரண்டு எதிர்த்தன. அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. நான் பேப்பரில் வாசித்தேன், அவ்வளவுதான். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை.

மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு வருடம் தவறாமல் போகிறோம். இந்த முறை கடலில் கால் நனைத்துவிட்டு ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். கருப்புதான் அதிகம், இடையிடையே மாதுளை முத்துபோல் சிவப்பு, வெயிலில் திருப்பியபோது தேன் நிறத்தில் இரண்டு மூன்று மணிகள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வீட்டில் கூப்பிட்டார்கள். கையைத் தட்டிவிட்டு, காலில் ஒட்டியிருந்த மணலைக் குழாயில் நன்றாகக் கழுவிவிட்டு ஏறினோம்.