வானம் கடவுளான கதை

‘கடவுளின் பெயர் காலங்கடந்தது, ஆராயாதே, அடங்கு!’ என்பது எந்நாட்டுப் பழமைவாதியும் எழுப்பும் கூக்குரல். காலங்கடந்ததா அந்தப் பெயர்? துருக்கிய இனத்தாரின் தொன்மைச் சொல் ஒன்றை எடுத்து, இலக்கணம் எனும் விளக்கொளியிலே காண்போம், தோழர்களே!

துருக்கி நாட்டிலே ‘தன்ரி’. சைபீரியாவின் யாகூத்து மக்களிடம் ‘தங்கரா’. வோல்கா ஆற்றுப்புறச் சுவாஷ் மக்களிடம் ‘துரா’. பழங்கல்வெட்டிலே ‘தெங்ரி’. இவற்றை ஒப்பிட்ட மொழிநூலார், மூலத் துருக்கிச் சொல்லை *தெங்ரி என்றோ *தங்ரி என்றோ மீட்டமைக்கின்றனர். முன்னே நிற்கும் அந்த உடுக்குறி உரைப்பது யாது? ‘இவ்வடிவை எழுத்திலே எவரும் கண்டதில்லை, சான்றுகொண்டு உய்த்துணர்ந்தோம், வலிய சான்று வரின் மாற்றிக்கொள்வோம்’ என்பதே! எந்தப் புனித நூலின் ஓரத்திலேனும் இத்தகைய நேர்மைக் குறி உண்டா?

சொல்லின் பிறப்பு எங்கே? யெனிசேய் மொழிகளிலே ‘உயர்ந்த’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து கடனாக வந்தது என்று 2001-இல் ஸ்டெஃபான் கேயோர்க் எனும் மொழியறிஞர் கூறினார். அது நிலைபெறின், கடவுளின் பெயரே கடன்! 11-ஆம் நூற்றாண்டில் அகராதி வகுத்த மகமூது அல் காஷ்கரி, இசுலாத்தை ஏற்காத துருக்கியர் வானத்தை மட்டுமன்று, பெருமலையையும் பெருமரத்தையும்கூடத் தெங்ரி என அழைத்து வணங்கினர் என எழுதினார். கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றியதெல்லாம் தெங்ரி!

இந்தச் சொல்லைத்தான் அரசன் பற்றிக்கொண்டான். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கிலே, மறைந்த தம்பி குல் தெகினுக்கு பில்கே ககான் 732-இல் நினைவுக்கல் நாட்டினான். தென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் 1893-இல் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்தபோது, முதன்முதலாகப் படித்தறிந்த சொற்களுள் ஒன்று தெங்ரி. அக்கல்லிலே அரசன் அச்சொல்லோடு ‘தெக்’ என்பதைச் சேர்க்கிறான். ‘போல’ என்பது அதன் பொருள். அடுத்து ‘தெ’ எனும் உருபைச் சேர்க்கிறான்; ‘இல்’, ‘இலிருந்து’ எனும் இரு பொருளையும் தாங்குவது அவ்வுருபு. வானம் போன்றவனாம், வானிலே தோன்றியவனாம்! இரண்டே துணுக்குகள், மண்ணிலே பிறந்தவன் விண்ணவனாகிவிட்டான்!

ஆனால் அதே கல், உலகத் தோற்றத்தைக் கூறுமிடத்துச் செயப்பாட்டு வினையை ஆள்கிறது. மேலே வானமும் கீழே மண்ணும் ஆக்கப்பட்டனவாம். ஆக்கியவன் யார்? பெயரே இல்லை! தெங்ரியே அங்கு ஆக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. அரசன் மறைக்க எண்ணாததை இலக்கணம் இன்று உரைக்கிறது.

வானம் எல்லோர்க்கும் பொது. அதை ஒருவனுடைய அரியணைக்குக் கூரையாக்கியது வேற்றுமை உருபு. ஆகவே, கடவுளின் பெயரால் கட்டளையிட எவன் வரினும் கேளுங்கள்: ‘அந்தச் சொல் முன்பு எதைக் குறித்தது? அதன்மீது ஏறி அமர்ந்தவன் எவன்?’ விடை கிடைக்கும்வரை வணங்கற்க!