இடது பாடுகிறது, வலது திக்குகிறது

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகள் மூடிக்கிடக்கின்றன. பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறையின் ஷட்டர் மட்டும் பாதி உயர்ந்திருக்கிறது. வாசலில் கறுப்பு ராஜ்தூத் 350 ஒன்று. ஐந்தாறு உதைக்குப் பிறகு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த வண்டிக்கே உரிய சீரான படபடப்பு வரவில்லை. ஒரு கால் நொண்டுகிறவர் நடப்பதுபோல் விட்டுவிட்டு ஒலிக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடுகிறது, விட்டால் மறுபடியும் நொண்டுகிறது.

"கார்ப்புதாண்ணே. ரெண்டுக்கும் ரிப்பேர் கிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். கழட்டிக் கழுவி மாத்திடுங்க" என்கிறார் வண்டிக்காரர். அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வண்டிக்கு அவரைவிட வயது அதிகம்.

அறுபதைத் தாண்டிய மெக்கானிக் இரண்டு கிட்டுகளையும் வாங்கி மேசைமேல் வைக்கிறார். இடப்பக்க சைலன்சர் குழாயைத் தொட்டும் தொடாமலும் பார்க்கிறார், பிறகு வலப்பக்கத்தை. இடது சுடுகிறது. வலதில் உள்ளங்கையையே வைக்க முடிகிறது.

"இரு தம்பி. ரெண்டுல ஒண்ணு நல்லா ஓடுது. அதை எதுக்குப் பிரிக்கணும்?"

பழைய இரட்டை சிலிண்டர் வண்டியைப் பழுது பார்க்கும் வித்தை முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி நொண்டினால் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று கிடையாது. அனுபவமும் ஊகமும்தான் துணை. இரட்டை சிலிண்டரில் அப்படியில்லை. ஒரே தண்டில் கோத்த இரண்டு எஞ்சின்கள் அவை. இரண்டுக்கும் வயது ஒன்று, பெட்ரோல் ஒன்று, ஓடிய தூரமும் ஒன்று. ஒன்று கெட்டால் மற்றது அளவுகோலாகப் பக்கத்திலேயே நிற்கிறது. அவசரப்பட்டு இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாகப் பிரித்துப்போடுகிறவர் அந்த அளவுகோலைத் தன் கையாலேயே உடைக்கிறார்.

ராஜ்தூத் 350 இந்தியச் சாலைகளுக்கு வந்தது 1983இல். யமஹாவின் ஆர்டி 350 மாடலை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். அந்தக் காலத்து புல்லட் 350 தந்தது 18 குதிரைத்திறன். இதுவோ முதல் வடிவத்தில் 30.5, மைலேஜுக்காகத் தணித்த பிந்தைய வடிவத்தில் 27. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியின் சத்தம் இன்னும் காதில் இருக்கும். 1989 வாக்கில் உற்பத்தி நின்றது. பெட்ரோல் நிறையக் குடிக்கிறது என்பதுதான் அன்றைய பெரிய குறை. அந்தக் குறையைத் தீர்க்கப் போய், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகளைச் சிறியதாக மாட்டி, பிஸ்டனைப் பிடிக்கவைத்து வீணான வண்டிகள் பல. மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதல் மைலேஜுக்கு ஓர் எஞ்சினையே விலையாகக் கொடுப்பது நியாயமே இல்லை.

பட்டறைக்குத் திரும்புவோம். மெக்கானிக் இன்னும் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுகிறார். இடது பிளக்கின் முனை வெளிர் காப்பிப்பொடி நிறம். வலதில் எண்ணெய் ஈரம். இரண்டையும் இடம் மாற்றி மாட்டிக் கிளப்புகிறார். நொண்டல் வலப்பக்கத்திலேயே இருக்கிறது, ஆக, பிளக் குற்றவாளி இல்லை. இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், தனித்தனி காயில். பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறார்: 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும், இருக்கிறது. வலது பிளக்கைச் சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைக்கிறார். நீலப் பொறி பளிச்சென்று வருகிறது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் பலர் கார்புரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டுகிறார்கள். பாயிண்ட் கருகினாலும் காயில் சூட்டில் தளர்ந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: மிஸ் அடிக்கும், புல்லிங் இருக்காது, பிளக் நனையும். கண்ணுக்கு எதிரே தொங்குவதால் பழி கார்ப்பின்மேல் விழுந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து அணைந்தால் காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும்: டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம், பெட்ரோல் குழாய்த் திருகில் தூசி சேர்ந்திருக்கலாம். சில கிலோமீட்டர் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மூச்சு விட்டதுபோல் ஓர் ஒலி வந்து, மறுபடி ஓடுகிற வண்டிக்கு எந்த ஜெட்டும் மாற்றவேண்டியதில்லை.

இப்போதுதான் கார்ப்புக்கு முறை வருகிறது. அப்போதும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இடது ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புகிறார். சத்தம் மாறுகிறது. வலதைக் கால் சுற்று, அரைச் சுற்று, ஒரு சுற்று திருப்புகிறார். எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பாதையில் பெட்ரோலே வரவில்லை என்று அர்த்தம்.

மிகுனி வகை ஸ்லைடு கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்குமேல் மெயின் ஜெட். எல்லைகள் கத்தி வைத்து நறுக்கியதுபோல் இருப்பதில்லை, ஒன்றின் ஆட்சி தேயும்போது மற்றதன் ஆட்சி எழும். ஆனாலும் எந்தத் திருகலில் நொண்டுகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் புத்திசாலிகள். இந்த வண்டி ஐடிலில் நொண்டுகிறது, கொஞ்சம் திருகினால் தேறுகிறது. எனவே பைலட் ஜெட்.

வலது கார்ப்பை மட்டும் கழற்றுகிறார். அடிக்கிண்ணத்தில் பச்சைப் படிவு, பக்கத்தில் பிசினாக உறைந்த பழைய பெட்ரோல். "எவ்வளவு நாள் நிறுத்தி வச்சிருந்தே?" "ஆறு மாசம்ணே." ஆறு மாதத்துக்கு முன் போட்ட பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, பிறகு நாடெங்கும் பரவியது. 1983இல் வந்த வண்டியின் பித்தளை ஜெட்டும் ரப்பர் வாஷரும் அதை எதிர்பார்த்துச் செய்தவை அல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஜெட்டுகள் வாய் திறந்திருப்பதும் அதே அடியில்தான். இன்னொரு சங்கதி இதைவிட முக்கியம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு 13.5 அளவில் வரும். ஜெட்டின் துளை மாறவில்லை, உள்ளே வரும் காற்றும் மாறவில்லை. எனவே அதே ஜெட்டில் கலவை முன்பைவிட வறண்டுபோகிறது. காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக்கில் வறண்ட கலவை என்றால் சூடேறிய பிஸ்டன், சூடேறிய பிஸ்டன் என்றால் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் அபாயம். பழைய வண்டிக்காரர்கள் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் பிளக் நிறம் பார்ப்பதும், வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் கிண்ணத்தை வடித்துவிடுவதும் இன்று தவிர்க்க முடியாதவை.

பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சம் வரவில்லை. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதி, மறுபடி ஊறவைத்து, மறுபடி ஊதுகிறார். ஊசியால் குத்தவே இல்லை. பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் துளை விரிந்துவிடும். பிறகு அந்த ஜெட்டின்மேல் பொறித்த எண்ணுக்கு மதிப்பில்லை. மூன்றாவது முறை ஊதியதும் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறது. கிட்டிலிருந்து ஃப்ளோட் நீடிலும் வாஷரும் மட்டும் புதிதாகப் போடுகிறார். பழைய நீடிலின் முனையில் வட்டமாக ஒரு தேய்மானக் கோடு. இன்னும் சில வாரத்தில் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும்.

வண்டி கிளம்புகிறது. இரண்டு குழாயும் சுடுகின்றன. வண்டிக்காரர் முகத்தில் சிரிப்பு. மெக்கானிக் முகத்தில் இல்லை. ஒருமுறை ரேஸ் கொடுத்து விடுகிறார். எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, மெதுவாக வருகிறது.

காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. கார்ப்பையும் சிலிண்டரையும் இணைக்கும் வலது இன்டேக் ரப்பரைக் கழற்றி விரலால் வளைக்கிறார். நேராக இருந்தபோது நன்றாகத் தெரிந்த ரப்பர், வளைத்ததும் வாய் பிளக்கிறது. நீண்ட வெடிப்பு. அடைத்த ஜெட்டின் பின்னால் இந்த வெடிப்பு ஒளிந்திருந்தது. வெறும் கிட்டை மாற்றி, ஏர் ஸ்குரூவை உள்ளே திருகி ஐடிலைச் சமாளித்து அனுப்பியிருந்தால், வண்டி ஊருக்குள் நன்றாகவே ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் முழு ரேஸில் போகும்போதுதான் வலது பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டியிருக்கும். அப்போது ஓட்டுகிறவரின் கை கிளட்சுக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். இதைச் சொல்லும்போது மெக்கானிக்கின் குரல் தாழ்ந்துவிடுகிறது. அப்படி விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

ரப்பர் நன்றாக இருந்திருந்தால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல். ஆல்டர்னேட்டர் இருக்கும் இடப்பக்கச் சீல் போனால் அந்தச் சிலிண்டர் காற்றை இழுத்து வறளும். கிளட்ச் இருக்கும் வலப்பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய் அந்த ஒரு சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை கொட்டும், கியர் பாக்ஸில் எண்ணெய் குறையும். அங்கேயும் இடது, வலது ஒப்பீடுதான் வழிகாட்டி. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான முறை. சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை விட்டொழிக்கவேண்டும். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

நான்கு சிலிண்டர் வண்டிக்கும் இதே கணக்குதான். 1969இல் வந்த ஹோண்டா சிபி 750க்கு நான்கு கார்ப்பு, நான்கு குழாய். எஞ்சின் கிளம்பியதும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், "சுர்ர்" என்று பொங்காத குழாய் எதுவோ அந்தச் சிலிண்டர்தான் நோயாளி. ஆரம்பத்தில் அதன் நான்கு ஸ்லைடுகளையும் நான்கு கேபிள்கள் இழுத்தன. அவை ஒன்றுபோல் நிற்காத தொல்லையால் பிந்தைய வடிவத்தில் ஒரே தண்டு நான்கையும் தூக்கியது. அதைச் சமன்செய்ய வேக்குவம் கேஜ் வேண்டும்.

ராஜ்தூத்துக்குக் கேஜ் வேண்டாம், கண்ணும் விரலும் போதும். புது ரப்பர் மாட்டியாயிற்று. மெக்கானிக் ஏர் ஃபில்டர் குழாய்களை விலக்கிவிட்டு இரண்டு கார்ப்பின் வாயிலும் ஒவ்வொரு விரலை விடுகிறார். வண்டிக்காரர் ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுகிறார். வலது ஸ்லைடு ஒரு நூல் முந்துகிறது. கேபிள் அட்ஜஸ்டரில் இரண்டு திருகல். இப்போது இரண்டும் ஒரே கணத்தில் எழுகின்றன.

இத்தோடு முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். இந்த வண்டியில் ஒரு திருகலுக்கு மூன்று கேபிள்: இரண்டு கார்ப்புக்கும் இரண்டு, ஆயில் பம்புக்கு ஒன்று. கார்ப்பு கேபிளைத் தொட்டுவிட்டுப் பம்பைப் பார்க்காமல் விட்டால், ரேஸ் ஏறும்போது எண்ணெய் பின்தங்கலாம். மெக்கானிக் பம்பின் மூடியைக் கழற்றி, சக்கரத்திலுள்ள குறியும் ஊசியும் நேராக வருகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஒரு மயிரிழை தள்ளியிருக்கிறது, சரிசெய்கிறார்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு புதிய மோட்டார்சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். இப்போது தொழில் பழகும் பையன்கள் கையில் ஸ்கேனர் இருக்கிறது. அது தேவையான கருவிதான். ஆனால் குழாயைத் தொட்டுப் பார்க்கும் கை இந்தப் பட்டறைகளில் குறைந்துகொண்டே வருவது வேதனை தருகிறது. இந்தக் கையோடு பழகாமல் யாரும் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

வண்டிக்காரர் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறார். இரண்டு பிளக்குகளும் கழன்று பழைய செய்தித்தாள்மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இடது காப்பிப்பொடி நிறம். வலது அதைவிட ஒரு சாயல் வெளுப்பு. மெக்கானிக் வலது ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே விடுகிறார். பிரிக்காமல் கிடந்த இரண்டாவது கிட்டின் அட்டையில் பேனாவால் தேதி போட்டு, அடியில் 'இடது 1½, வலது 1¼' என்று எழுதி வண்டிக்காரரிடம் நீட்டுகிறார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. மறுபடி ரெண்டையும் பாப்போம்."