எல்லையூர் மன்றத்திற்கு ஏற்றவர் யாவர்?

பள்ளிப்பட்டு, சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து 1960 ஏப்பிரல் முதல் நாள் தமிழகத்தொடு இணைந்தது. ம.பொ. சிவஞானனாரும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயன் அது. அவ்வாறு மீட்ட ஊரின் மன்றத்தில் அமர ஏற்றவர் யாவர்?

‘ஒரு வட்டத்து உறுப்பினர் இருக்கைதானே!’ என்று தமிழுணர்வாளர் ஒதுங்குவது அறியாமை. குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, வீட்டுவரி ஆகியவற்றின் வாயிலாகவே எளிய குடிமகன் அரசை நாள்தோறும் காண்கிறான். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் பிறந்தது. வரிச்சீட்டும் அறிவிப்பும் அவன் படித்தறியும் நல்ல தமிழில் வந்தாலன்றோ அச்சட்டம் தெருவில் உயிர்பெறும்?

2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேலாகத் தமிழக நகர்ப்புற மன்றங்கள் உறுப்பினரின்றித் தனி அலுவலர் கையில் கிடந்தன. 2022 பிப்பிரவரி 19-இல்தான் மக்கள் ஒப்போலையிட்டனர். அத்துணை நாள் காத்துப் பெற்ற உரிமையைப் பணத்திற்கு விற்பதோ? விலைகொடுத்து வென்றவர் இட்ட முதலை எடுக்கவே முனைவர்; ஊர் நலனை எங்ஙனம் நினைவர்?

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-இல் குடவோலை முறையை வகுத்தது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயரெழுதப்படும் உரிமையை இழந்தனர். வடமொழி மறை கற்றோர்க்கே இடந்தந்த பார்ப்பன ஊரவை அது. அக்குல வேலியைக் களைக. கணக்கு நெறியைக் கொள்க.

எனவே, பள்ளிப்பட்டில் நிற்பவர் குலப்பெயர் கூறி ஒப்போலை கேளாதிருத்தல் வேண்டும். ‘வட்டத்தின் வரவுசெலவை ஆண்டுதோறும் தமிழில் எழுதித் தெருமுனையில் வைப்பேன்’ என்று உறுதி கூறுதல் வேண்டும். தெலுங்கு பேசும் வீட்டார்க்கும் தண்ணீர் குறைவின்றிச் சேர்ப்பித்தல் வேண்டும். தமிழ்ப்பற்று அண்டை வீட்டார்மேற் கொள்ளும் பகையன்று.

மேடையில் முழங்கிவிட்டு, வேட்புத்தாள் அளிக்கும் நாளில் வீட்டில் உறங்குவோர், முன்னோர் மீட்ட மண்ணைப் பணமூட்டைக்குக் கையளித்தவரே யாவர். தமிழறிந்தோர் களமிறங்குக, தம் கணக்கையே முதற்கண் காட்டுக!